பின்னால் வருகிறவன்

இரண்டு பேர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். அளவிலும் தன்மையிலும் அணுவளவு வித்தியாசம் இல்லாத தவறு. ஒருவனுடைய தவற்றால் ஓர் உயிர் போகிறது. இன்னொருவனுடைய தவற்றால் ஒன்றுமே நேரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இந்த இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி?

இந்தக் கேள்வியை நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி? உயிர் போகக் காரணமானவன்தான்" என்று முதலில் ஒருவர் சொல்லுவார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் செய்த தவறு ஒன்றுதானே?" என்று அவரே இழுப்பார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "எல்லாம் விதி ஐயா" என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். விதி என்ற சொல் நம்மிடம் இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம். யோசனை எங்கே கடினமாகிறதோ அங்கே அது ஒரு திண்ணையைப் போட்டு நம்மை உட்கார வைத்துவிடுகிறது.

அந்தத் திண்ணையில் உட்காராமல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டும்படி என்னைச் செய்தவை நாலு பட்டைகளும் எட்டுக் கொக்கிகளும். அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வாசகரைக் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம் இருக்கிறது. அதில் ஸியாட்டில் நகருக்குத் தெற்கே ரென்டன் என்று ஓர் ஊர். அங்கே என் சகோதரியின் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். எழுதுகிறவனுக்கு வெளியூரில் இருக்கும் பெரிய வேலை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுதான். ஜன்னலுக்கு வெளியே எனக்கு அதிகமாகக் கண்ணில் பட்டது 'பிக்கப்' என்கிற வண்டி. முன்பாதி கார், பின்பாதி லாரி. பின்னால் கூரையில்லாத ஒரு தொட்டி. அதற்குக் கீழ்நோக்கித் திறக்கும் ஒரு கதவு. ஃபோர்டு கம்பெனி 1925-ல் தன் 'மாடல் டி' காருக்குப் பின்னால் இப்படி ஒரு தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அன்று அதை வாங்கியவர்கள் வைக்கோலும் பால் கேனும் ஏற்றினார்கள். இன்றைக்கு அதில் ஏறுகிற சரக்குகளில் ஒன்று இன்னொரு வண்டி.

அந்த இன்னொரு வண்டிக்கு 'ஏ.டி.வி.' என்று பெயர். மோட்டார் சைக்கிளைப் போலக் கால் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவது. ஆனால் கொழுத்த சக்கரங்கள் நாலு. மணல், சேறு, காடு, மேடு எதுவானாலும் ஏறும். ஹோண்டா கம்பெனி 1970-ல் அமெரிக்காவில் இதை முதலில் மூன்று சக்கரத்தோடு விற்றது. அந்த வகை எளிதில் கவிழ்ந்து பலரைப் பலி வாங்கிற்று. 1988-ல் அரசாங்கம் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்து மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையையே நிறுத்தியது. இன்று விற்பவை நாலு சக்கர வண்டிகள். எங்கும் போகும் இந்த வண்டிக்குப் பெரிய நெடுஞ்சாலையில் மட்டும் அனுமதி இல்லை. ஆகவே காட்டுக்கும் மணல்மேட்டுக்கும் போகும்வரை அது பிக்கப்பின் முதுகில் சவாரி செய்கிறது. எங்கும் போகக் கூடியதைச் சாலையில் இன்னொன்று சுமந்துகொண்டு போவதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு நின்றது பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏற்றிக் கட்டியதைப் பார்த்தபோது.

அவர் ஓய்வு பெற்ற தச்சர். வயது எழுபதுக்கு மேல். அவருடைய ஏ.டி.வி. முந்நூறு கிலோ இருக்கும். ஏழடி நீளம், நாலடி அகலம். பிக்கப்பின் தொட்டியோ ஆறரை அடி. பின்கதவைத் திறந்து போட்டால்தான் வண்டி அடங்கும். பின்சக்கரங்கள் அந்தக் கதவின்மேல் நிற்கும். இதிலேயே பாதிச் சங்கடம் ஆரம்பமாகிவிடுகிறது. ஏனென்றால் அந்தக் கதவை இருபுறமும் தாங்குகிறவை இரண்டு மெல்லிய கம்பிவடங்கள்தான்.

முதலில் அவர் இரண்டு அலுமினியச் சாய்வுப் பலகைகளை வைத்தார். வைத்த கையோடு ஏற்றிவிடவில்லை. பலகைகளைச் சங்கிலி போட்டுப் பிக்கப்போடு பிணைத்தார். ஏறும் சக்கரம் பலகையைப் பின்னுக்குத் தள்ளும். பலகை நழுவினால் முந்நூறு கிலோ ஓட்டுகிறவனின் மார்பில் வந்து உட்காரும். பிறகு மெதுவாக ஏற்றினார். இயந்திரத்தை நிறுத்தி, கியரில் விட்டு, பிரேக்கைப் பூட்டினார். அப்புறம் நாலு மூலைக்கு நாலு 'ராட்செட்' பட்டைகள். கைப்பிடியை அசைக்க அசைக்கப் பல்சக்கரம் 'டக் டக்' என்று விழுந்து பட்டையை இறுக்கும். பின்னால் நழுவ விடாது. வண்டியின் சுருள்வில்கள் பாதி அமுங்கும்வரை இறுக்கினார். கொக்கிகளைக் கதவில் மாட்டாமல் தொட்டியின் இரும்பு வளையங்களில் மாட்டினார். மிஞ்சிய பட்டை வால் காற்றில் அடித்துப் பிய்ந்துவிடாமல் அதையும் முடிச்சுப் போட்டார். கடைசியில் ஏ.டி.வி.யைப் பிடித்து உலுக்கினார். அதோடு சேர்ந்து பிக்கப் முழுவதும் ஆடியது. "சரி, இரண்டும் இப்போது ஒரே வண்டி" என்றார்.

இவ்வளவுக்கும் அரைமணி நேரம் பிடித்தது. போகுமிடம் மோஸஸ் லேக் என்ற ஊரின் மணல்மேடுகள். கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியில் மூவாயிரம் அடி உயரத்துக் கணவாய் ஒன்றைக் கடக்க வேண்டும். அப்புறம் கொலம்பியா நதிக்கு இறங்கும் சரிவில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். முதல் பத்து மைலில் ஓரிடத்தில் நிறுத்திப் பட்டைகளை மறுபடியும் இழுத்துப் பார்ப்பாராம். புதிதாக இறுக்கிய எதுவும் சற்று ஓடியதும் தளரும் என்றார். கல்யாணமான ஆண்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் வரிசையில் ஓர் இளைஞன். அவனிடமும் ஒரு பிக்கப், ஓர் ஏ.டி.வி. அவன் அதை ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிட்டான். முனையில் கொக்கி வைத்த இரண்டு ரப்பர் கயிறுகளைக் குறுக்கே மாட்டினான். பெட்ரோல் டின், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இடுக்குகளில் செருகினான். என் மருமகன் அவனைப் பார்த்து, "இது தாங்குமா?" என்று கேட்டான்.

"ஆறு வருஷமாக இப்படித்தான் போகிறேன். ஒன்றும் ஆனதில்லை" என்று கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்தப் பையனைக் கெட்டவன் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் தெருவிலேயே உபகாரி அவன்தான். பனி கொட்டிய நாளில் நாலு வீட்டு வாசலைக் கேட்காமலே வாரிக் கொடுத்தவன். மழையில் நனைந்துகொண்டே என் மருமகனின் காருக்குச் சக்கரம் மாற்றிக் கொடுத்தவன். நான் யோசிக்கிற கேள்விக்கு இது முக்கியமான தகவல். மறுபடியும் இதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். பெரியவரின் வண்டியும் பத்திரம். பையனின் வண்டியும் பத்திரம். இரவு சாப்பிடும்போது மருமகன் கேட்டான்:

"மாமா, அவரும் போய் வந்துவிட்டார். இவனும் போய் வந்துவிட்டான். அவர் அரைமணி செலவழித்தார், இவன் ஐந்து நிமிஷம். கணக்குப் பார்த்தால் இவன்தானே புத்திசாலி?"

அவன் வேடிக்கைக்காகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

எதைக் கொண்டு அவர்களை வேறுபடுத்துவது? பலனைக் கொண்டு பார்த்தால் இருவரும் சமம். எண்ணத்தைக் கொண்டு பார்த்தால், பையனின் மனத்தில் யாரையும் காயப்படுத்தும் எண்ணம் கடுகளவும் இல்லை. மிஞ்சியிருப்பது கட்டு ஒன்றுதான். நாலு பட்டைக்கும் இரண்டு ரப்பர் கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம். அது அறநெறி சம்பந்தப்பட்ட வித்தியாசமா, வெறும் தொழில் சம்பந்தப்பட்ட வித்தியாசமா?

முதலில் தொழிலைப் பார்த்துவிடுவோம். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு அமெரிக்க மத்திய அரசாங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கி இழுத்தாலும், பாதிப் பங்கு விசை பின்னோக்கியோ பக்கவாட்டிலோ இழுத்தாலும் கட்டு தாங்க வேண்டும். நம் முந்நூறு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முன்னோக்கி 240 கிலோ, பக்கவாட்டில் 150 கிலோ. திடீரென்று பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் இவ்வளவு இழுப்பு வரக்கூடும். வண்டி நிற்கிறது, மேலே இருக்கும் பொருளுக்கு நிற்கும்படி யாரும் சொல்லவில்லை, அது போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு 'நில்' என்று சொல்லுகிற வாய் அந்தப் பட்டைதான். ரப்பர் கயிறு அப்படிச் சொல்லுவதில்லை. இழுக்க இழுக்க நீண்டு கொடுத்து, 'போய் வா' என்கிறது. வீட்டுக்காரன் ஓட்டுகிற பிக்கப்புக்கு அந்த லாரி விதி பொருந்தாது. ஆனால் பிரேக்குக்கு அந்த வேற்றுமை தெரியாது.

ஆகவே பையன் ஆறு வருஷமாகப் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு அவன் கட்டு காரணமில்லை. அந்த ஆறு வருஷமும் அவனுக்கு முன்னால் யாரும் சடாரென்று பிரேக் போடவில்லை. ஒரு மான் குறுக்கே ஓடவில்லை. நதிச் சரிவின் காற்று அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருந்தது. பிறர் கொடுத்த கொடைகள் இவை. அவற்றைத் தன் திறமை என்று வரவு எழுதிக்கொண்டிருக்கிறான் அவன். 'ஒன்றும் ஆனதில்லை' என்ற வாக்கியத்தில் இருக்கும் பொய் இதுதான்.

ஒன்று ஆனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். நான் தங்கியிருந்த அதே ரென்டன் ஊரின் அருகில், 405-ஆம் எண் நெடுஞ்சாலையில், 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஓர் இரவு, இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி வேலை முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னால் போன வண்டி இழுத்துச் சென்ற டிரெய்லரில் மரச் சாமான் ஒன்று ஏற்றியிருந்தது. சரியாகக் கட்டவில்லை. அதிலிருந்து ஒரு பலகை பறந்து வந்து கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவள் முகத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தாள். இரண்டு கண்களும் போய்விட்டன.

அந்த வேகத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மணிக்கு எழுபது மைல் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் முப்பத்தொரு மீட்டர் கடக்கிறது. முன்வண்டிக்கும் தனக்கும் நடுவில் இரண்டு விநாடி இடைவெளி விட்டு, விதிப்படி ஒழுங்காக ஓட்டி வருகிறவர்களுக்கும் எதிர்பாராமல் பறந்து வரும் பலகையை விலக்க நேரம் போதாது.

கட்டாத சாமானால் மனிதரை ஊனமாக்கினவரைக் குற்றவாளியாக்க அந்த மாநிலத்தில் அப்போது சரியான சட்டம் இல்லை. பெண்ணின் தாய் விடவில்லை. ஊர் ஊராகப் பேசினாள், சட்டசபைப் படியேறினாள். 2005-ல் சட்டம் வந்தது. அந்தப் பெண்ணின் பெயராலேயே இன்றும் மக்கள் அதை அழைக்கிறார்கள். அதன்படி, கவனக் குறைவால் சரியாகக் கட்டப்படாத சாமான் விழுந்து ஒருவருக்குப் பெரிய காயம் ஏற்பட்டால் ஏறத்தாழ ஓராண்டு வரை சிறையும் 5000 டாலர் வரை அபராதமும் உண்டு. பொருளுக்கு மட்டும் சேதமானால் தண்டனை குறைவு. யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் வெறும் அபராதச் சீட்டு.

2004-ல் நடந்தது அபூர்வமான விபத்து என்று சொல்லிவிடவும் முடியாது. 'ஏ.ஏ.ஏ.' என்கிற அமெரிக்க மோட்டார் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 முதல் 2014 முடிய நாலு ஆண்டுகளில் சாலையில் கிடந்த, விழுந்த பொருள்களால் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான விபத்துகள். சுமார் 39,000 பேருக்குக் காயம். 500 பேருக்கு மேல் சாவு. இந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஏதோ ஒரு வண்டியிலிருந்து ஏதோ ஒன்று கழன்றோ கட்டவிழ்ந்தோ விழுந்ததால் நேர்ந்தவை. இவர்களில் எத்தனை பேர், "ஆறு வருஷமாக இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்!

இப்போது ஆரம்பக் கேள்விக்குத் திரும்பலாம். அந்தச் சட்டத்தைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான தளர்ந்த கட்டுக்கு அது மூன்று விலை வைத்திருக்கிறது. அந்த மூன்றில் எது என்று தீர்மானிப்பவன் கட்டினவன் இல்லை. காற்றும், சாலையின் பள்ளமும், பின்னால் யார் வந்தார் என்பதும் தீர்மானிக்கின்றன. இது நியாயமா?

தத்துவ ஆசிரியர்கள் இருவர், ஆங்கிலேயரான பெர்னார்ட் வில்லியம்ஸும் அமெரிக்கரான தாமஸ் நேகலும், 1976-ல் ஒரே தலைப்பில் இதைப் பற்றி எழுதினார்கள். 'அறநெறியில் அதிர்ஷ்டம்' என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால் இருவருமே உதாரணத்துக்கு ஒரு லாரிக்காரனைத்தான் பிடித்தார்கள். பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமல் ஓட்டுகிறான் ஒருவன். ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அவன் வாழ்நாள் முழுவதும் குற்றவாளி. வராவிட்டால் யாரும் அவனைக் கேட்பதில்லை. ஆனால் குழந்தை வருவதும் வராததும் அவன் கையில் இல்லையே என்பது நேகலின் கேள்வி. வில்லியம்ஸ் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். எந்தத் தவறும் செய்யாத லாரிக்காரனாகவே இருக்கட்டும். அவன் சக்கரத்தில் குழந்தை அகப்பட்டுவிட்டால் அவன் படும் வேதனை, பக்கத்தில் நின்று பார்த்தவன் படும் வேதனையைப் போன்றதாக இருக்க முடியாது. 'என் தவறு இல்லையே' என்று துடைத்துக்கொண்டு அவன் போய்விட்டால் நாமே அவனைக் கண்டு அஞ்சுவோம்.

இதைப் படித்தபோது எனக்குத் திருவாரூர்க் கல்தேர் ஞாபகம் வந்தது. மனுநீதிச் சோழன் கதையை நாம் பள்ளிக்கூடத்தில் நீதிக் கதையாகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் அது இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. அரசகுமாரன் தேரில் போகிறான். ஒரு கன்று துள்ளிக் குதித்து வந்து சக்கரத்தில் சிக்குகிறது. அவன் வேகமாக ஓட்டினான் என்றோ பார்க்காமல் ஓட்டினான் என்றோ கதை சொல்லவில்லை. வில்லியம்ஸின் குற்றமற்ற லாரிக்காரன்தான் அவன். மந்திரி, பரிகாரம் செய்துவிடலாம் என்கிறான். அரசன் ஒப்பவில்லை, மந்திரி அந்தப் பழியை ஏற்கமாட்டாமல் தன் உயிரை விடுகிறான், கடைசியில் அரசனே மகன்மேல் தேரை ஓட்டுகிறான். தெய்வம் வந்து எல்லாரையும் எழுப்பிக் கொடுக்கிறது.

பலனை மட்டும் பார்த்து நீதி வழங்கினால் அது எவ்வளவு பயங்கரமாக முடியும் என்பதற்கு அந்தத் தேர்க்கால் சாட்சி. தெய்வம் தலையிட்டால் ஒழிய அந்தத் தீர்ப்பைத் தாங்க முடியாது என்று கதை சொன்னவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கதையை நம்மால் தூக்கி எறிய முடியவில்லையே, ஏன்? அதில் ஒரு பசு வருகிறது; அந்தப் பசுவுக்கு இழுக்க ஒரு மணி இருக்கிறது. குற்றம் யாருடையது என்ற வழக்கைப் பசு கொண்டுவரவில்லை. 'என் கன்று போய்விட்டது' என்று மட்டும் சொல்லுகிறது. அதற்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. பழி வேறு, கடன் வேறு. நாம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் குழம்புகிறோம்.

பழி என்பது கட்டுகிற நிமிஷத்திலேயே தீர்ந்துபோகிற விஷயம். கயிற்றை மாட்டி, 'போதும்' என்று கையைத் தட்டிக்கொண்ட அந்த நொடியில் அவன் செய்ய வேண்டிய தவறு முழுவதும் செய்தாகிவிட்டது. பிறகு காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அதில் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அந்த அளவில் வீடு வந்து சேர்ந்தவனும் ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்தவனும் ஒரே பழிக்கு உரியவர்கள்.

கடன் அப்படியில்லை. அது விளைவிலிருந்து பிறக்கிறது. பலகை பறந்து ஒரு முகத்தைச் சிதைத்துவிட்டால், கட்டினவன் அந்த முகத்துக்கு ஆயுள் முழுவதும் கடன்பட்டவன். வீடு சேர்ந்தவனுக்கு அந்தக் கடன் இல்லை. அது அவனுடைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு அவன் நன்றி சொல்லலாம். அதைக் காட்டித் தன்னை நிரபராதி என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். "அப்படியானால் கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்த ஒவ்வொருவனும் கொலைகாரனா? அடுப்பை அணைக்க மறந்தவள், கிணற்றை மூடாமல் விட்டவன், எல்லாருமா? உலகமே குற்றவாளி என்றால் குற்றம் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடுமே!"

நியாயமான ஆட்சேபம். நான் சொல்லுவது அதற்கு எதிர்ப்பக்கம். வீடு சேர்ந்தவனைக் கொலைகாரன் அளவுக்கு உயர்த்த வேண்டாம். கண்ணைப் பறித்தவனை அரக்கனாகவும் ஆக்க வேண்டாம். அவன் நம்மைப் போன்ற சாதாரண அஜாக்கிரதைக்காரன். அவன் சீட்டு விழுந்துவிட்டது. அவனைச் சபிக்கும் வாயால், 'நானும் இப்படிக் கட்டியதுண்டா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தைப் பொறுத்தவரை, விழுந்த பிறகு போடும் பெரிய தண்டனையைவிட, விழுவதற்கு முன் வழியில் நிறுத்தி, 'இந்தக் கட்டு போதாது, இறக்கிக் கட்டு' என்று கொடுக்கும் சிறிய சீட்டே எனக்கு அதிக நீதியாகப் படுகிறது. அது காற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவதில்லை. முடிச்சைப் பார்த்துச் சொல்லுகிறது.

இனி அந்தப் பையனைப் பற்றிச் சொல்லுவதாகச் சொன்னேன். பனி வாரிக் கொடுத்தவன், மழையில் நனைந்தவன், ஏன் இரண்டு ரப்பர் கயிற்றோடு நிறுத்திவிட்டான்? அன்பு இல்லாதவன் என்று சொல்ல முடியாது. அவனுடைய அன்புக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பனியில் வழுக்கும் கிழவிக்கு முகம் இருக்கிறது. சக்கரம் பஞ்சரான என் மருமகனுக்கு முகம் இருக்கிறது. சாலையில் பின்னால் வருகிறவனுக்கு முகம் இல்லை. கண்ணாடியில் தெரிகிற இரண்டு விளக்குகள் அவன். கொஞ்ச நேரத்தில் அவையும் வேறு விளக்குகளாகிவிடும்.

பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ஒரு நாள் இதைக் கேட்டேன். "இவ்வளவு சிரமமும் யாருக்காக? வண்டி கெட்டுப் போகக் கூடாது என்றா?"

"வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்றார். பட்டைகளைச் சுருட்டிக்கொண்டே, "என் மகள் தினமும் இந்தச் சாலையில்தான் வேலைக்குப் போகிறாள்" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் மருமகன் பிடித்துக்கொண்டான். "மாமா, அப்படியானால் மகள் இல்லாதவன் கட்ட வேண்டியதில்லையா?"

கூர்மையான கேள்விதான். தன் மகளுக்காகக் கட்டுகிறவன் சுயநலக்காரன் என்றுகூட வாதிக்கலாம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோஸஸ் லேக்குக்குப் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அரைமணி நேரம் கட்டுகிறார். முகம் இல்லாத ஒருவனுக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்குத் தன் கைவசம் இருந்த மிகப் பிரியமான முகத்தைக் கடன் கொடுத்திருக்கிறார். மகள் இல்லாதவன் ஒரு நண்பனின் முகத்தைக் கொடுக்கட்டும். அவனும் இல்லாதவன், யாரோ ஒருவனுக்கு வண்டி ஓட்டுகிற தன் முகத்தையே கொடுக்கட்டும். எல்லாச் சாலையிலும் நாமும் யாருக்கோ பின்னால் வருகிறவர்கள்தானே?

இந்த வகை நல்லொழுக்கத்துக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அதற்குப் பலன் என்று காட்ட ஒன்றும் கிடையாது. பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் அவன் கை கூப்புவான். ஆற்றில் விழுந்தவனைக் கரையேற்றினால் பத்திரிகையில் படம் வரும். நாலு பட்டைகளை ஒழுங்காக இறுக்கியவனுக்கு யார் நன்றி சொல்லுவார்கள்? அவனால் கண் பிழைத்தவளுக்குத் தான் பிழைத்ததே தெரியாது. அவனை முந்திக்கொண்டு, 'என்ன இவன் இவ்வளவு மெதுவாகப் போகிறான்' என்று திட்டிவிட்டுக்கூடப் போயிருப்பாள்.

என் தொழிலுக்கும் இப்படிப்பட்ட மனிதரால் பிரயோசனம் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு ஏதாவது விழ வேண்டும், உடைய வேண்டும், யாராவது அழ வேண்டும். கட்டவிழ்ந்த பலகையை வைத்து நாவல் எழுதலாம். கட்டவிழாத பலகையை வைத்து ஒரு பக்கம்கூட எழுத முடியாது. 'அவர் நன்றாகக் கட்டினார், ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்' என்று எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்வார்?

ஆனால் உலகத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் கோடிக்கணக்கான பேர் ஒன்றும் நடக்காமல் வீடு போய்ச் சேருகிறார்கள். முகம் தெரியாத யார் யாரோ எங்கெங்கோ குனிந்து, ஒரு முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேரையாவது கொண்டு சேர்த்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். மிச்சப் பாதி, ரப்பர் கயிற்றின் புண்ணியம்.